பொன் கோட்டையும் ஒரு வாளித் தண்ணீரும்

ஒரு வாரம் லீவு கிடைத்துவிட்டது. எட்டு ஊரை எட்டு நாளில் பார்க்கிற ஓட்டப் பந்தயம் இந்த முறை வேண்டாம். ஒரே ஊரில் போய் இறங்கி, மெதுவாக எழுந்து, மெதுவாகச் சாப்பிட்டு, சாயங்காலம் சும்மா நாலு தெரு சுற்றிவிட்டு வர வேண்டும் என்று வீட்டில் தீர்மானமாகிவிட்டது. மலை போரடித்துவிட்டது. கடல் எப்போதும் இருக்கிறது. பாலைவனம் எப்படி?

பேஷாகப் போகலாம்! ராஜஸ்தானின் மேற்குக் கோடியில், பாகிஸ்தான் எல்லைக்கு முன்னால் கிட்டத்தட்ட கடைசி ஊராக உட்கார்ந்திருக்கிறது ஜெய்சல்மேர். நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் போய்விட வேண்டும். மே மாதத்தில் போனால் 45 டிகிரி வெயில் உங்களை அப்பளமாகப் பொரித்து எடுத்துவிடும். டெல்லியிலிருந்து ரயிலில் ஒரு முழு இரவும் அதற்கு மேல் கொஞ்சமும் ஆகும். ஜோத்பூரிலிருந்து என்றால் ஐந்தாறு மணி நேரம். கம்பளி ஒன்று கட்டாயம் தேவை. பாலைவனத்துக்கு எதற்குக் கம்பளி என்று கேட்பவர்கள் ஜனவரி இரவு அங்கே பல்லைத் தந்தியடித்துப் பார்த்தால்தான் நம்புவார்கள்.

எல்லாம் சரி. டிக்கெட் போட்டாயிற்று. அடுத்து ரூம். அங்கேதான் ஒரு கேள்வி வந்து நிற்கும்.

ஊருக்கு நடுவே மலை, மலை மேல் கோட்டை. அந்தக் கோட்டைக்குள்ளேயே ஓட்டல்கள் இருக்கின்றன. ஜன்னலைத் திறந்தால் கொத்தளம், அதற்கப்பால் தொடுவானம் வரைக்கும் பாலைவனம். வாடகையும் யானை விலை இல்லை. கோட்டைக்குள் தங்குவதா, கீழே ஊரில் தங்குவதா?

சாதாரணக் கேள்வி போலத்தான் தெரிகிறது. ஆனால், இதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் 850 வருடத்துக்கும் மேலான கதையைச் சொல்லியாக வேண்டும். நமக்குத்தான் ஏழு நாள் இருக்கிறதே! ஒவ்வொரு நாளாகப் போவோம்.

முதல் நாள் எங்கும் ஏற வேண்டாம். பயணக் களைப்பு தீரத் தூங்கி எழுந்து, சாயங்காலம் ஒரு மொட்டை மாடியில் டீயோடு உட்கார்ந்து கோட்டையைத் தூரத்திலிருந்து பாருங்கள். மஞ்சள் மணற்கல். காலையில் வெளிர் மஞ்சளாக இருந்தது சூரியன் சாயச் சாயத் தேன் நிறமாகி, கடைசிப் பத்து நிமிடம் தகதகவென்று தங்கமாகவே மாறிவிடும். 99 கொத்தளங்கள். சுமார் 250 அடி உயர த்ரிகூட மலையின் தலையில் யாரோ கிரீடம் வைத்த மாதிரி இருக்கும்.

கிரீடத்தை வைத்தவர் ராவல் ஜெய்சல். பாட்டி வம்சத்து ராஜபுத்திரர். (சிரிக்க வேண்டாம், வம்சத்தின் பெயரே அதுதான்!) தாங்கள் கிருஷ்ணர் பிறந்த யாதவ குலம் என்பது இவர்களுடைய பெருமை. அதற்கு முன் இவர்களுடைய தலைநகரம் 15 கிலோமீட்டர் தள்ளி இருந்த லோதுர்வா. வெட்டவெளியில் இருந்த ஊர். வழியில் போகிற படையெல்லாம் ஒரு கை பார்த்துவிட்டுப் போகும். அலுத்துப்போன ஜெய்சல் பாதுகாப்பான இடம் தேடி அலைந்தபோது, இந்தக் குன்றின் பக்கத்தில் ஒரு முனிவரைச் சந்தித்தார் என்று தொடங்குகிறது ஊர்க் கதை. 'முன்னொரு காலத்தில் கிருஷ்ணரும் அர்ஜுனனும் இந்தப் பக்கம் வந்தார்கள். அர்ஜுனனுக்குத் தாகம் எடுத்தது. கிருஷ்ணர் சக்கரத்தால் பாறையைத் துளைத்துத் தண்ணீர் வரவழைத்தார். பின்னாளில் என் குலத்தில் வரும் ஒருவன் இங்கே கோட்டை கட்டுவான் என்றும் சொல்லிவிட்டுப் போனார்' என்றாராம் முனிவர். 1156-ல் கோட்டை எழும்பியது. அந்தக் கிணறு என்று ஒன்றை இன்றைக்கும் கோட்டைக்குள் காட்டுகிறார்கள்.

புராணத்தை நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால், கதை எதைச் சுற்றி வருகிறது என்று கவனியுங்கள். வேறு ஊர்களின் ஆரம்பக் கதையில் புதையல் வரும், முயல் நாயைத் துரத்தும், அம்மன் கனவில் வருவாள். ஜெய்சல்மேரின் கதையில் வருவது ஒரு கிணறு! வருடத்துக்கு சுமார் 20 சென்டிமீட்டர் மழை பெய்கிற ஊர் வேறு எதைக் கனவு காணும்? (சென்னையில் பெய்வது சுமார் 140 சென்டிமீட்டர். அதற்கே நாம் லாரிக்குக் காத்திருக்கிறோம்.)

இந்தக் கோட்டைக்குச் சுற்றிலும் இருக்கிற பாலைவனம்தான் அகழி. எதிரிப் படை வந்து முற்றுகை போடலாம். ஆனால், ஆயிரக்கணக்கான குதிரைகளுக்கும் யானைகளுக்கும் தண்ணீர் எங்கிருந்து கொண்டு வருவான்? உள்ளே இருப்பவனுக்குக் கிணறு இருந்தது. வெளியே நிற்பவனுக்கு மணல்தான் இருந்தது. அப்படியும் பிடிவாதமாக நின்று ஜெயித்தவர்கள் உண்டு. அலாவுதீன் கில்ஜி காலத்தில் ஒரு முற்றுகை. பாட்டி வம்சத்தின் பாடல்களில் அது வருடக்கணக்காக நீள்கிறது. பிறகு துக்ளக்குகள் காலத்தில் ஒன்று. இரண்டு தடவையும் தோல்வி உறுதி என்று தெரிந்ததும் பெண்கள் தீயில் இறங்க, ஆண்கள் கதவைத் திறந்துகொண்டு சாகப் புறப்பட்டார்கள். இதற்கு 'சாகா' என்று பெயர்.

ஜெய்சல்மேரின் கணக்கு இரண்டரை சாகா. அதென்ன அரை? 16-ம் நூற்றாண்டில் அமீர் அலி என்கிற ஆப்கானியத் தலைவர் கோட்டைக்கு விருந்தாளியாக வந்தார். 'எங்கள் வீட்டுப் பெண்கள் உங்கள் ராணிகளைப் பார்க்க ஆசைப்படுகிறார்கள்' என்றார். ராவல் லூண்கரண் சம்மதித்தார். பல்லக்குகள் உள்ளே வந்தன. திரையை விலக்கினால் ஆயுதங்களோடு சிப்பாய்கள்! சிதை மூட்ட நேரமில்லை. கோட்டை போய்விட்டது என்று நினைத்து, ஆண்கள் தங்கள் பெண்களைத் தாங்களே வெட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் உதவிப் படை வந்து சேர்ந்தது, கோட்டை தப்பியது, பெண்கள் போனது போனதுதான். அதனால்தான் 'அரை' சாகா. மொட்டை மாடியில் உட்கார்ந்து தங்கமாக ஜொலிக்கிற கோட்டையை ரசிக்கும்போது இதையும் நினைத்துக்கொள்வது நல்லது. அழகான கோட்டை எதுவும் அழகுக்காகக் கட்டப்பட்டதில்லை.

இரண்டாம் நாள் காலையில், வெயில் ஏறுவதற்கு முன் காடிசர் ஏரிக்குப் போங்கள். கோட்டையிலிருந்து நடை தூரம். தண்ணீருக்கு நடுவே மண்டபங்கள், படித்துறைகள், குளிர்காலத்தில் வந்து இறங்கும் பறவைகள். சுற்றுலாப் படகுகளும் உண்டு. ஆனால், இது உல்லாசத்துக்காக வெட்டின ஏரி இல்லை. ஊரே குடித்த தண்ணீர்!

14-ம் நூற்றாண்டில், முற்றுகைகளில் சின்னாபின்னமான ஊரைத் திரும்ப எழுப்பியவர் ராவல் கட்சி. (கட்சி என்பது அவர் பெயர். அரசியல் ஏதுமில்லை!) கோட்டைக் கிணறு ஒரு படைக்குப் போதும், ஒரு நகரத்துக்குப் போதாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. சுற்றிலும் இருக்கிற பாறைச் சரிவுகளில் விழுகிற ஒவ்வொரு துளியும் உருண்டு வந்து ஒரே பள்ளத்தில் சேரும்படி இந்த ஏரியை அமைத்தார். வேலை நடந்துகொண்டிருக்கும்போதே அவரைக் கொன்றுவிட்டார்கள் என்றும், ராணி விமலா தீக்குளிப்பதைத் தள்ளிப்போட்டுவிட்டு ஏரியை முடித்தார் என்றும் சொல்வார்கள். காடிசர் நிரம்பினால் வழிகிற தண்ணீர் அடுத்த குளத்துக்கு, அது நிரம்பினால் அதற்கடுத்ததுக்கு என்று வரிசையாகக் குளங்கள். ராஜஸ்தானின் நீர்நிலைகளைப் பற்றி ஊர் ஊராக அலைந்து எழுதிய அனுபம் மிஸ்ரா இந்த ஏரியைப் பற்றி உருகி உருகி எழுதியிருக்கிறார். பெய்கிற இடத்திலிருந்து சேர்கிற இடம் வரைக்கும் காவல் இருந்தது. அசுத்தம் செய்ய அனுமதி கிடையாது. 1960-கள் வரைக்கும், சுமார் 600 வருடம், ஜெய்சல்மேர் பெண்கள் இங்கிருந்துதான் குடம் சுமந்தார்கள். கோட்டையில் வீடு என்றால் மலை மேலே ஏறியும் சுமந்தார்கள்.

ஏரியின் வாசலில் அழகான தோரண வளைவு ஒன்று நிற்கிறது. தீலோன் என்கிற கணிகை தன் காசில் கட்டியதாம். 'கணிகை கட்டிய வாசலுக்குக் கீழே அரச குடும்பம் நடப்பதா?' என்று அரண்மனையில் முகம் சுளித்தார்கள். இடிக்க ஆள் வருவதற்குள் தீலோன் வளைவின் உச்சியில் ஒரு கிருஷ்ணர் சந்நிதியைக் கட்டிவிட்டார். கோயிலை எப்படி இடிப்பது? வாசல் இன்றும் நிற்கிறது. கதையில் எவ்வளவு நிஜமோ, எவ்வளவு சரடோ... ஒரு கில்லாடிப் பெண்மணி தன் புண்ணியத்தைத் தேடிக்கொள்ள ஊரில் வேறு எத்தனையோ இடம் இருக்க, தண்ணீர்த் துறையைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார் என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள், ஹவேலிகள். சேட்டுகளின் மாளிகைகள். முதலில் பட்வா ஹவேலி. ஒன்றல்ல, ஐந்து! குமான் சந்த் பட்வாவுக்கு ஐந்து பிள்ளைகள், ஆளுக்கொரு மாளிகை. 1805 வாக்கில் ஆரம்பித்து முடிப்பதற்குப் பல பத்து வருடங்கள் ஆயின. மணற்கல்லில் இவ்வளவு நுணுக்கமாகச் சல்லடை ஜன்னல் செதுக்க முடியுமா என்று வாய் பிளக்க வைக்கும். அந்த ஜன்னல்கள் வெறும் அலங்காரம் இல்லை. வெயிலை வடிகட்டிவிட்டுக் காற்றை மட்டும் உள்ளே விடும். கரண்ட் இல்லாத ஏ.ஸி.!

பட்வாக்கள் ஜரிகை வியாபாரம், வட்டிக் கடை, அபின் என்று பல தொழில் பார்த்தவர்கள். அது சரி, விளையாத பூமியில் இவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது? ஒட்டகத்தின் முதுகிலிருந்து! குஜராத், டெல்லிப் பக்கத்திலிருந்து சிந்து, முல்தான், அதற்கப்பால் மத்திய ஆசியா வரைக்கும் போகிற வணிகக் கூட்டங்கள் தார் பாலைவனத்தைக் கடந்தே ஆக வேண்டும். பட்டு, அபின், அவுரி, உலர்ந்த பழங்கள் எல்லாம் நூற்றுக்கணக்கான ஒட்டகங்களில் வரும். வழியில் நிழலும் காவலும் தண்ணீரும் கிடைக்கிற இடம் ஜெய்சல்மேர். அதற்குச் சுங்கம். ஆக, இந்த ஊர் விற்ற முதல் சரக்கு தண்ணீர்தான் என்று சொல்லிவிடலாம்.

அடுத்து சலீம் சிங் ஹவேலி. மேல் மாடி மயில் தோகை விரித்தாற்போல வெளியே பிதுங்கி நிற்கும். சலீம் சிங் ராஜா இல்லை, திவான். ஆனால், ராவல் மூல்ராஜ் காலத்தில் ஊரை ஆண்டது இந்த ஆசாமிதான். இவருடைய தந்தையும் திவானாக இருந்தவர். அரச குடும்பத்தோடு ஏற்பட்ட பகையில் கொல்லப்பட்டார். பிள்ளை வளர்ந்து அதே நாற்காலியில் உட்கார்ந்து, ஒவ்வொருவராகக் கணக்குத் தீர்த்தார். அரண்மனையை விட உயரமாக ஹவேலியில் இன்னும் இரண்டு மாடி எழுப்பினாராம். அரசர் அதை இடிக்க வைத்தாராம். வரி போடுவதில் மகா கறார். இவர் பெயரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஐந்தாம் நாள் தேவைப்படும்.

நான்காம் நாள் கோட்டைக்குள் இருக்கிற ஜைனக் கோயில்கள். காலை வேளையில் போய்விட வேண்டும். பார்த்துச் சலிக்காத சிற்பங்கள். ஆனால், நான் உங்களை நிறுத்த விரும்புவது சிற்பத்தின் முன்னால் இல்லை. சம்பவநாதர் கோயிலுக்கு அடியில் இருக்கிற நிலவறையின் முன்னால்.

அது ஒரு நூலகம். ஞான பண்டாரம் என்று பெயர். குஜராத்திலும் ராஜஸ்தானிலும் போர்கள் நடந்த காலத்தில், ஜைனர்கள் தங்களுடைய பழைய ஏட்டுச் சுவடிகளைப் பத்திரப்படுத்த இடம் தேடினார்கள். படைகள் எளிதில் வர முடியாத, காற்றில் ஈரமே இல்லாத இந்தக் கோட்டையைத் தேர்ந்தெடுத்தார்கள். 15-ம் நூற்றாண்டில் ஜினபத்ர சூரி என்கிற ஆச்சாரியார் இதை முறையாகச் சேர்த்து வைத்தார். பனையோலைக்கு எமன் ஈரமும் பூச்சியும். ஈரப்பதம் மிகுந்த ஊர்களில் இருநூறு, முந்நூறு வருடத்துக்கு ஒருமுறை சுவடியைப் பிரதியெடுக்காவிட்டால் மண்ணாகிவிடும். ஜெய்சல்மேரின் வறட்சியில் அவை பல நூற்றாண்டுகள் தூங்கின.

1874-ல் ஜார்ஜ் பியூலர் என்கிற ஜெர்மானிய சமஸ்கிருத அறிஞர், இருபதுகளில் இருந்த ஹெர்மன் யாகோபியைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்தார். கிடைத்தது, அதுவரை அறிஞர் உலகம் பார்த்திராத ஒரு காவியம். பெயர் 'விக்கிரமாங்கதேவ சரிதம்'. எழுதியவர் 11-ம் நூற்றாண்டுக் காஷ்மீரக் கவிஞர் பில்ஹணர். (பாரதிதாசனின் 'புரட்சிக்கவி'க்கு மூலமான காதல் கதையின் நாயகன் இதே பில்ஹணர்தான்.) இருவரும் உட்கார்ந்து கைப்படப் பிரதியெடுத்தார்கள். அடுத்த வருடமே அச்சேறியது.

இதில் நமக்கென்ன என்கிறீர்களா? நமக்குத்தான் எல்லாம்! காவியத்தின் நாயகன் சாளுக்கிய மன்னன் ஆறாம் விக்கிரமாதித்தன். சோழ இளவரசியை மணந்தவன். 1070-ல் வீரராஜேந்திர சோழன் இறந்ததும் இந்த மாப்பிள்ளை படையோடு காஞ்சிக்கும் பிறகு கங்கைகொண்ட சோழபுரத்துக்கும் வந்து, தன் மைத்துனனை அரியணையில் உட்கார வைத்துவிட்டுப் போகிறான். கொஞ்ச நாளில் மைத்துனன் கலகத்தில் கொல்லப்படுகிறான்; வேங்கியிலிருந்து வந்த ராஜிகன் அரியணையைப் பிடிக்கிறான். அந்த ராஜிகன்தான் முதலாம் குலோத்துங்கன்! சோழர் வரலாற்றின் மிகக் குழப்பமான ஒரு வருடத்தைப் பற்றி எதிர்த்தரப்பு எழுதி வைத்த சாட்சியம் இது. காவிரிக் கரைக் கதை ஒன்று தார் பாலைவனத்தில் பிழைத்துக் கிடந்திருக்கிறது. காரணம், அங்கே ஈரம் இல்லை. இந்தக் கடைசி வாக்கியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் நாள் ஒரு ஜீப் பிடித்து ஊருக்கு வெளியே. முதலில் ஆறு கிலோமீட்டரில் படா பாக். குன்றின் மேல் வரிசை வரிசையாக அரசர்களின் நினைவு மண்டபங்கள். எல்லோரும் அதைப் படம் எடுத்துவிட்டுத் திரும்புவார்கள். நீங்கள் பக்கத்தில் இருக்கிற பழைய அணையையும் பாருங்கள். 16-ம் நூற்றாண்டில் கட்டியது. அது தேக்கிய தண்ணீரில்தான் இங்கே தோட்டம் வந்தது. படா பாக் என்றாலே பெரிய தோட்டம் என்றுதான் அர்த்தம்.

பிறகு 18 கிலோமீட்டரில் குல்தரா. ஆளில்லாத ஊர். நேர்கோட்டில் தெருக்கள், கூரை போன வீடுகள் நூற்றுக்கணக்கில். இங்கே வாழ்ந்தவர்கள் பாலிவால் பிராமணர்கள். 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊரைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டார்கள். கைடு சொல்கிற கதை இதுதான்: திவான் சலீம் சிங் ஊர்த்தலைவரின் பெண் மேல் கண் வைத்தார், கெடு விதித்தார், 84 கிராமத்துப் பாலிவால்களும் ஒரே ராத்திரியில் மூட்டை கட்டிக்கொண்டு மறைந்தார்கள், இனி இங்கே யாரும் குடியேற முடியாது என்று சாபம் விட்டார்கள். இப்போது பேய் உலாவுகிறது!

பேய் வியாபாரத்தை விட்டுவிட்டுப் பாலிவால்களைக் கவனியுங்கள். 20 சென்டிமீட்டர் மழையில் கோதுமை விளைவித்த ஜனங்கள் இவர்கள்! 'கதீன்' என்று ஒரு முறை. பாறைச் சரிவின் அடிவாரத்தில் நீளமாகக் கரை போடுவார்கள். மழைத் தண்ணீர் சரிந்து வந்து கரைக்குள் தேங்கும். தேங்கி, மண்ணுக்குள் ஊறும். குளிர்காலத்தில், ஊறிய அந்த ஈரத்தை மட்டும் நம்பிக் கோதுமையும் கடலையும் விதைப்பார்கள். மேலே பாசனம் கிடையாது. இப்படிப்பட்டவர்கள் ஓடிப்போனதற்கு ஒரு பெண்ணின் கதை மட்டும் காரணமாக இருக்க முடியாது. வரிக் கொடுமை ஒரு காரணம். கிணறுகள் வற்றிக்கொண்டு வந்தது இன்னொன்று என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். நிலநடுக்கம் ஒன்றும் காரணமாக இருக்கலாம் என்று சிலர். ஒரே ராத்திரியில் இல்லை, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஊர் காலியாகியிருக்க வேண்டும். எப்படியானாலும், தண்ணீர் கணக்குத் தெரிந்தவர்களை விரட்டிவிட்டு அந்த நாடு தேறவே இல்லை.

சாப்பாட்டுக்கு கேர் சாங்ரி கேளுங்கள். கேர் என்பது புதர்ச்செடியின் காய், சாங்ரி என்பது கேஜ்ரி மரத்தின் நெற்று. இரண்டையும் காயவைத்து வருடம் முழுக்க வைத்துக்கொள்வார்கள். கூடவே கம்பு ரொட்டி, நெய், மோர். காய்கறி முளைக்காத இடத்தில் உண்டான சமையல். பிரமாதமாக இருக்கும்.

ஆறாம் நாள் மணல்மேடு. 40 கிலோமீட்டரில் சம் என்கிற இடத்துக்குத்தான் எல்லோரும் போவார்கள். ஒட்டகம், ஒலிபெருக்கி, கூடாரம், டான்ஸ். நிம்மதி வேண்டுமானால் கூரி என்கிற கிராமத்துக்குப் போங்கள். வழியெல்லாம் மணல் கடல் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். இந்தப் பக்கத்தில் பெரும்பகுதி கல்லும் புதரும்தான். தேசியப் பூங்கா இருக்கிறது. உலகம் முழுவதிலும் நூற்றுச் சொச்சம்தான் மிஞ்சியிருக்கும் கானமயிலுக்குக் கடைசிப் புகலிடம் இந்தப் பூமிதான். இரவில் மணலில் படுத்து நட்சத்திரம் பாருங்கள். கதையின் பிற்பாதியை யோசிக்க அதுதான் தோதான இடம்.

பாட்டி அரசர் 1818-ல் ஆங்கிலேயரோடு ஒப்பந்தம் போட்டார். அதற்குப் பிறகு பம்பாய் துறைமுகம் வளர்ந்தது. கப்பலும் ரயிலும் வந்தபின் எவன் ஒட்டகத்தில் சரக்கு ஏற்றுவான்? சேட்டுகள் ஒவ்வொருவராக ஹவேலிக்குப் பூட்டுப் போட்டுவிட்டு வேறு ஊர்களுக்குப் போனார்கள். 1947-ல் தேசம் பிரிந்தபோது, மிச்சம் மீதி இருந்த சிந்து வழியும் அடைபட்டது. ஆசியாவின் நடுவழியில் இருந்த ஊர், இந்தியாவின் முட்டுச்சந்து ஆனது! 1965-லும் 1971-லும் போர். 1971 டிசம்பர் 4-ம் தேதி இரவு, பாகிஸ்தான் டாங்கிகள் லோங்கேவாலா வரைக்கும் வந்தன. சுமார் 120 பேர் கொண்ட இந்தியப் படைப்பிரிவு விடியும்வரை தாக்குப்பிடித்தது. விடிந்ததும் ஜெய்சல்மேரிலிருந்து கிளம்பிய ஹண்டர் விமானங்கள் டாங்கிகளைக் குறி பார்த்து அடித்தன. எல்லைப் பாதுகாப்புக்காகப் போடப்பட்ட சாலைகளும் ரயிலும்தான் இந்த ஊரை மறுபடி வெளியுலகத்தோடு இணைத்தன.

அந்தப் பாதையில் வந்தவர்களில் ஒருவர் சத்யஜித் ரே. பூர்வ ஜென்ம ஞாபகத்தில் ஒரு தங்கக் கோட்டையை வரைகிற சிறுவனைப் பற்றி அவர் எழுதிய 'சோனார் கேல்லா' 1974-ல் படமாக வந்தது. படத்தில் வந்த கோட்டை இதுதான். வங்காளிகள் குடும்பம் குடும்பமாகக் கிளம்பினார்கள். பின்னாலேயே வெள்ளைக்காரர்கள், பிறகு நாம் எல்லோரும். செத்துக்கொண்டிருந்த ஊருக்கு மறுபடி வணிகக் கூட்டம் வர ஆரம்பித்தது. இந்த முறை ஒட்டகத்தின் மேல் சரக்கு இல்லை, டூரிஸ்ட்!

ஏழாம் நாள். மறுபடி கோட்டைக்குள் மெதுவாக ஒரு நடை. இது அருங்காட்சியகம் இல்லை, குடியிருப்பு. சில ஆயிரம் பேர் இன்றும் உள்ளே வாழ்கிறார்கள். வாசலில் கோலிக்குண்டு, மாடியில் காயும் துணி, குறுக்கே படுத்திருக்கும் மாடு. வீட்டுக் கூரைகளை அண்ணாந்து பாருங்கள். மர உத்தரம், அதன் மேல் நாணல், அதன் மேல் கனமாக மண். கோட்டை நிற்கிற மலையோ கெட்டிப் பாறை இல்லை. மணற்கல்லும் களிமண்ணும் அடுக்கடுக்காக. மழை பெய்யாத ஊருக்கு இது போதும். குடத்தில் சுமந்து வந்த தண்ணீரை யாரும் கொட்டமாட்டார்கள். பாலைவன கிராமங்களில் மணலால் பாத்திரம் தேய்த்தார்கள், குளித்த தண்ணீரையும் பிடித்து மாட்டுக்கு வைத்தார்கள். கழிவு நீர் என்று ஒன்று பேருக்குத்தான் இருந்தது.

20-ம் நூற்றாண்டின் பிற்பாதியில் குழாய் வந்தது. நல்ல விஷயம்தானே! நூற்றாண்டுகளாகக் குடம் சுமந்த இடுப்புகளுக்கு விடுதலை. இந்திரா காந்தி கால்வாய் பஞ்சாப் நதிகளின் தண்ணீரைப் பாலைவனத்துக்குக் கொண்டு வந்தது. பிறகு விருந்தினர் விடுதிகள். ஒவ்வொரு அறைக்கும் குளியலறை, ஷவர், ஃப்ளஷ். தண்ணீர் மேலே ஏறியது. கீழே இறங்கத்தான் சரியான வழி இல்லை. கசிந்து, களிமண்ணுக்குள் போனது. களிமண் ஊறினால் என்ன ஆகும் என்று குழந்தைக்கும் தெரியும். 1990-களின் பிற்பகுதியில் சுவர் சரிந்து உயிர்ச் சேதம் ஏற்பட்டது. அடுத்தடுத்துக் கொத்தளங்கள் இடிந்தன. உலக நினைவுச்சின்ன நிதியம் ஆபத்தில் இருக்கும் இடங்களின் பட்டியலில் இதைச் சேர்த்தது. கழிவுநீர்க் குழாய்களை மாற்றினார்கள், சுவர்களைத் திருத்தினார்கள். 2013-ல் ராஜஸ்தானின் ஆறு மலைக்கோட்டைகளில் ஒன்றாக யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறியது. ஆனாலும் 2024 ஆகஸ்ட் மழையில் மறுபடி ஒரு பகுதிச் சுவர் விழுந்தது.

கில்ஜிக்கும் துக்ளக்குக்கும் பிறகும் எழுந்து நின்ற கோட்டை இது. வந்த படைகளுக்கெல்லாம் இல்லாதது தண்ணீர். நாம் தண்ணீரோடு வருகிறோம். அதுதான் வித்தியாசம்.

சரி, ரூம் எங்கே போடுவது? பயண வழிகாட்டிப் புத்தகங்கள் சிலவே கோட்டைக்குள் இருக்கிற ஓட்டல்களைச் சிபாரிசு செய்வதை நிறுத்தின. உள்ளே இருப்பவர்களுக்கு அது கோபம். 'எங்கள் பாட்டனார் வீடு. குழாய் சரியாகப் போடாதது எங்கள் குற்றமா? எங்கள் பிழைப்பில் ஏன் மண் போடுகிறீர்கள்?' என்கிறார்கள். நியாயமான கேள்வி. ஓட்டல்களை விரட்டினால் குடும்பங்களும் கிளம்பிவிடும். கோட்டை குல்தரா ஆகிவிடும்.

எனவே என் யோசனை இது. கீழே ஊரில் தங்குங்கள். கோட்டையைத் தங்கமாகப் பார்க்க அதுதான் சரியான இடமும்கூட. கிரீடத்துக்குள் உட்கார்ந்துகொண்டு கிரீடத்தைப் பார்க்க முடியாது! ஆனால், தினமும் மேலே ஏறிப் போங்கள். சாப்பாடு அங்கே சாப்பிடுங்கள். போர்வையோ பொம்மையோ, வாங்குவதை அங்கே வாங்குங்கள். அந்தச் சந்துகளில் இருக்கிறவர்கள் பிழைக்க வேண்டும், பிழைத்தால்தான் அங்கேயே இருப்பார்கள். இல்லை, ஒரு ராத்திரியாவது உள்ளே படுத்தே தீருவேன் என்று வீட்டில் அடம் பிடித்தால், அதுவும் தப்பில்லை. ஷவரைத் திறக்காதீர்கள். ஒரு வாளித் தண்ணீர் கேட்டு வாங்கிக் குளியுங்கள்.

ஒரு வாளி போதுமா என்று யாராவது முனகினால், காடிசர் ஏரியிலிருந்து மலை மேலே குடம் சுமந்த பெண்களின் கதையைச் சொல்லுங்கள்.